தொடுபுள்ளி மட்டும் போதுமா? இரண்டாம் நிபந்தனையை வகுப்பில் விளக்குதல்

பதினோராம் வகுப்புப் பொருளியலில் நுகர்வோர் சமநிலையை நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு நிபந்தனைகளை எழுதுகிறோம். விலைக்கோடு சமநோக்கு வளைகோட்டைத் தொட வேண்டும் என்பது ஒன்று. தொடும் இடத்தில் அந்த வளைகோடு ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நிபந்தனைக்குப் படம் வரைகிறோம், கணக்குப் போடுகிறோம், கேள்வி கேட்கிறோம். இரண்டாவதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். நிறுவனச் சமநிலையிலும் இதே கதைதான். இறுதிநிலைச் செலவும் இறுதிநிலை வருவாயும் சமமாக வேண்டும் என்பதை மாணவர்கள் நன்றாகச் சொல்வார்கள். செலவுக்கோடு வருவாய்க் கோட்டைக் கீழிருந்து வெட்ட வேண்டும் என்பதையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். “ஏன் கீழிருந்து?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

மேலூர்ச் சாலையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துகிறேன். பொருளியலோடு வணிகக் கணிதமும் எடுத்த மாணவர்கள் என் வகுப்பில் உண்டு. வகைக்கெழுவும் பகுதி வகைக்கெழுவும் அவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு பாடங்களையும் இணைக்க இரண்டாம் நிபந்தனையைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியில் பொருளியல் படிக்கப் போகிறவர்கள் முதலாண்டிலேயே இதைச் சந்திப்பார்கள். முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் இளைய நண்பர்களும் இங்கேதான் பெரும்பாலும் திணறுகிறார்கள். நான் நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன். பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வருவதற்குப் பதிலாகப் பொருளின் முதலெழுத்தையே குறியீடாக வைக்கிறேன். மாணவர்களுக்கு எது எந்தப் பொருள் என்ற குழப்பம் வருவதில்லை.

ஒரு மாணவரிடம் மாதக் கைச்செலவு 200 ரூபாய். பருத்திப்பால் ஒரு குவளை 10 ரூபாய், ஜிகர்தண்டா ஒரு குவளை 20 ரூபாய் என்று கொள்வோம். (விளக்குத்தூண் பக்கம் இந்த விலைக்குக் கேட்டால் சிரிப்பார்கள். கணக்கு எளிதாக வரவேண்டும் என்பதற்காக இந்த எண்கள்.) கட்டுப்பாடு: 10ப + 20ஜ = 200. அவருடைய பயன்பாட்டுச் சார்பு ப × ஜ.

சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதிப்படி, பருத்திப்பாலின் இறுதிநிலைப் பயன்பாட்டை அதன் விலையால் வகுத்தால் ஜ/10. ஜிகர்தண்டாவுக்கு ப/20. இரண்டும் சமமானால் ப = 2ஜ. கட்டுப்பாட்டில் பிரதியிட, ப = 10, ஜ = 5. பயன்பாடு 50. இதே பணத்தில் வேறு விதமாக வாங்கிப் பார்க்கச் சொல்கிறேன். 8 பருத்திப்பால், 6 ஜிகர்தண்டா வாங்கினால் 48. பன்னிரண்டும் நான்கும் வாங்கினாலும் 48. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குறைகிறது. மாணவர்களுக்கு மகிழ்ச்சி, விதி வேலை செய்கிறது.

அடுத்து இரண்டாவது மாணவர். அவருக்கு இரண்டையும் கலந்து குடிப்பது பிடிக்காது, எதைக் குடித்தாலும் ஒன்றையே நிறையக் குடிக்க வேண்டும். அவருடைய சார்பு ப² + ஜ² என்று எழுதுகிறேன். பணமும் விலையும் அவையே. விதியைப் போட்டால் 2ப/10 = 2ஜ/20, அதாவது ஜ = 2ப. எனவே ப = 4, ஜ = 8, பயன்பாடு 16 + 64 = 80. ரூபாய்க்குக் கிடைக்கும் இறுதிநிலைப் பயன்பாடு இரண்டு பக்கமும் 0.8. விலைக்கோடு வளைகோட்டை அழகாகத் தொடுகிறது. வகுப்பில் பெரும்பாலோர் இதைச் சமநிலை என்று எழுதிக் கோடு கிழித்துவிடுவார்கள்.

இப்போது பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 2, 9 என்றால் 4 + 81 = 85. 6, 7 என்றால் 36 + 49 = 85. இரண்டு பக்கமும் கூடுகிறது! எல்லாப் பணத்துக்கும் ஜிகர்தண்டா வாங்கினால் 100, எல்லாப் பணத்துக்கும் பருத்திப்பால் வாங்கினால் 400. முதல் நிபந்தனை காட்டிய புள்ளி, அந்த 200 ரூபாயைச் செலவழிப்பதில் உள்ள மிக மோசமான வழி. இந்த மாணவருக்குச் சிறந்த வழி கோட்டின் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்தில் சம இறுதிநிலை விதி பொருந்தவே பொருந்தாது. ஆதியை நோக்கிக் குவிந்த வளைகோட்டுக்கும் ஆதியிலிருந்து வெளிப்புறம் பிதுங்கிய வளைகோட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தொடுதல் என்பது “இங்கே நின்று பார்” என்று மட்டும் சொல்கிறது. நிற்கும் இடம் மேடா பள்ளமா என்று அது சொல்வதில்லை.

இந்த இடத்தில் வணிகக் கணிதம் படிக்கும் மாணவர் ஒருவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார், கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். மேடா பள்ளமா என்பதைத்தான் இரண்டாம் வரிசை வகைக்கெழு சொல்லுமே, பயன்பாட்டுச் சார்பை இரண்டு முறை வகையிட்டால் போதாதா? போதாது. ப × ஜ என்ற சார்பைப் ப-வைப் பொறுத்து இரண்டு முறை வகையிட்டால் 0, ஜ-வைப் பொறுத்தும் 0, கலப்பு வகைக்கெழு 1. கட்டுப்பாடு இல்லாத சோதனையைப் போட்டால் 0 × 0 − 1 = −1. குறை எண் வந்தால் சேணப்புள்ளி. பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. ஆனால் 50 பெருமம் என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்துவிட்டோம். எது சரி?

இரண்டும் சரி. இதை விளக்க எங்கள் மாணவர்களுக்கு யானைமலை இருக்கிறது. ஒத்தக்கடையில் பேருந்து மாறுகிறவர்கள் தினமும் பார்க்கும் மலை, படுத்திருக்கும் யானை போன்றது. யானையின் தலைக்கும் முதுகுக்கும் நடுவில் பாகன் உட்காரும் கழுத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். தலையிலிருந்து முதுகை நோக்கி ஓர் எறும்பு நடந்தால், கழுத்துதான் அதன் பாதையிலேயே தாழ்வான இடம். இடது காதுப் பக்கமிருந்து ஏறி வலது காதுப் பக்கம் இறங்கும் எறும்புக்கு அதே கழுத்துதான் மிக உயர்ந்த இடம். கழுத்து மாறவில்லை, நடக்கும் பாதைதான் மாறியது. விலைக்கோடு என்பது நுகர்வோருக்கு விதிக்கப்பட்ட பாதை. அந்தப் பாதைக்கு வெளியே நிலம் எப்படி வளைந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பாதையின் மேல் மட்டும் இரண்டாம் சோதனையைச் செய்ய வேண்டும். சேணம் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் குதிரையைத் தேடுவார்கள், நமக்கு யானையே போதும்.

பாதையின் மேல் சோதிப்பது எப்படி? எளிய வழி பிரதியிடுதல். கட்டுப்பாட்டிலிருந்து ப = 20 − 2ஜ. முதல் மாணவருக்குப் பயன்பாடு 20ஜ − 2ஜ² ஆகிறது. இரண்டாம் வகைக்கெழு −4, பெருமம். இரண்டாம் மாணவருக்கு (20 − 2ஜ)² + ஜ² = 400 − 80ஜ + 5ஜ². இரண்டாம் வகைக்கெழு 10, சிறுமம். ஒரே மாறி உள்ள கணக்காகிவிட்டதால் பதினோராம் வகுப்பு மாணவரே இதைச் செய்துவிடுவார்.

கல்லூரி நூல்களில் இதை வேறு உடையில் காட்டுகிறார்கள். ஜெர்மானியக் கணித அறிஞர் லுட்விக் ஓட்டோ ஹெஸ்ஸேவின் பெயரால் வழங்கும் ஹெஸ்ஸியன் அணியைச் சுற்றி, கட்டுப்பாட்டின் கெழுக்களை மேலும் பக்கத்திலும் எழுதி ஓர் அணிக்கோவை அமைப்பார்கள். சுங்குடிச் சேலையின் உடலைச் சுற்றிக் கரை வைப்பதுபோல இருப்பதால் நான் இதைக் கரையிட்ட ஹெஸ்ஸியன் என்றே சொல்கிறேன். முதல் மாணவருக்கு நிரைகள் இவை: 0, 10, 20, அடுத்து 10, 0, 1, அடுத்து 20, 1, 0. விரித்தால் 400. இரண்டாம் மாணவருக்கு 0, 10, 20. அடுத்து 10, 2, 0. அடுத்து 20, 0, 2. விரித்தால் −1000. இரண்டு பொருள், ஒரு கட்டுப்பாடு என்றால் அணிக்கோவை மிகை எண்ணாக இருந்தால் பெருமம், குறை எண்ணாக இருந்தால் சிறுமம் என்பது விதி.

இங்கேதான் படிக்கிறவர்கள் தடுமாறுகிறார்கள். வகைக்கெழுச் சோதனையில் குறை எண் பெருமம், இங்கே மிகை எண் பெருமமா? குறி ஏன் தலைகீழானது? மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு நாளில் மாற்றி எழுதுவதும் இதனால்தான். இதற்கு ஒரு வரி விளக்கம் உண்டு. 400-ஐப் பருத்திப்பால் விலையின் வர்க்கமான 100-ஆல் வகுத்துக் குறியை மாற்றுங்கள்: −4. அதேபோல −1000-ஐ 100-ஆல் வகுத்துக் குறியை மாற்றினால் 10. பிரதியிட்டுக் கண்ட இரண்டாம் வகைக்கெழுக்கள் இவையேதான். இது தற்செயல் அல்ல. பொதுவான சார்புக்கும் அணிக்கோவையை விரித்துப் பார்த்தால், பாதையின் மேல் எடுத்த இரண்டாம் வகைக்கெழுவை விலையின் வர்க்கத்தால் பெருக்கி முன்னால் ஒரு குறைக்குறி போட்டதுதான் கரையிட்ட அணிக்கோவை என்று வரும். குறி தலைகீழாவது விரிப்பதால் வரும் விளைவு. வேறு மர்மம் எதுவும் இல்லை. ஆசிரியர்கள் ஒருமுறை இதைத் தாளில் விரித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். பத்து நிமிட வேலை.

கட்டுப்பாடு நேர்க்கோடாக இல்லாமல் வளைந்திருந்தால் ஒரு சிறு எச்சரிக்கை தேவை. 100 சதுர மீட்டர் செவ்வக நிலத்துக்குக் குறைந்த வேலி போடும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வரும் தொகை சிறுமமாக வேண்டும். அந்தத் தொகையை இரண்டு முறை வகையிட்டால் எல்லாம் 0. ஆனால் விடை 10க்கு 10 சதுரம் என்று எல்லோருக்கும் தெரியும். வளைவு முழுவதும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனால்தான் அணிக்குள் குறிக்கோள் சார்பின் வகைக்கெழுக்களை அப்படியே போடாமல், லெக்ராஞ்சி பெருக்கியைச் சேர்த்து அமைத்த சார்பின் வகைக்கெழுக்களைப் போடுகிறோம். இங்கே பெருக்கி 1/10, கலப்பு வகைக்கெழு −1/10, அணிக்கோவை −20, சிறுமம். கட்டுப்பாடு நேர்க்கோடாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்பதால் நம் பாடநூல் கணக்குகளில் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

இந்த அணிக்கோவை பொருளியலுக்குள் எப்படி வந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். ரஷ்யாவைச் சேர்ந்த யூஜின் ஸ்லட்ஸ்கி 1915-இல் நுகர்வோர் கோட்பாடு பற்றி எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது. ஜான் ஹிக்ஸ் 1939-இலும் பால் சாமுவேல்சன் 1947-இலும் வெளியிட்ட நூல்கள் இதைப் பொருளியல் மாணவரின் அன்றாடக் கருவி ஆக்கின. சாமுவேல்சன் வற்புறுத்திய செய்தி முக்கியமானது. முதல் நிபந்தனை எவ்வளவு வாங்குவார் என்று சொல்கிறது. விலை மாறினால் எந்தத் திசையில் நகர்வார் என்பதை முடிவு செய்வது இரண்டாம் நிபந்தனை. நம் முதல் மாணவரையே பாருங்கள். பருத்திப்பால் விலை சிறிது கூடி, அவர் அதே 50 பயன்பாட்டிலேயே இருக்கும்படி பணமும் ஈடுசெய்யப்பட்டால், ஒரு ரூபாய்க்கு அரைக் குவளை என்ற வீதத்தில் பருத்திப்பாலைக் குறைப்பார். அந்த அரையைக் கணக்கிடும் பின்னத்தின் பகுதியில் மேலே கண்ட 400 உட்கார்ந்திருக்கிறது. அது மிகை எண்ணாக இருப்பதால்தான் பதிலீட்டு விளைவு எப்போதும் குறை எண்ணாக வருகிறது. நாம் ஒரு வரியில் படித்துக் காட்டும் நிபந்தனைக்குள் தேவை விதியின் வேர் இருக்கிறது.

இவ்வளவும் பருத்திப்பாலோடு நின்றுவிட்டால் மாணவர்களுக்கு இது விளையாட்டாகவே படும். அதனால் இரண்டாவது வகுப்பைத் தண்ணீரில் தொடங்குகிறேன். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வருகிறது. வைகை அணையிலிருந்து வெளியேறி, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்புகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், சுமார் 45,000 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியும், திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் ஒருபோகம், ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். எங்கள் மாணவர்களில் பலர் மேலூர்ப் பக்கக் கடைமடைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். “45 நாட்களுக்கு முழுமையாகவும், மீதி 75 நாட்களுக்கு முறை வைத்தும் தண்ணீர் திறக்கப்படும்” என்பது போன்ற அறிவிப்பை நாளிதழில் அவர்கள் வீட்டில் எல்லோரும் தேடிப் படிப்பார்கள். முறை வைப்பது என்றால் சில நாட்கள் ஒரு பகுதிக்கு முழுவதும் விட்டு, அதை அடைத்து, அடுத்த சில நாட்கள் மற்றொரு பகுதிக்கு விடுவது.

“இருக்கிற தண்ணீரை எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் சமமாகப் பிரித்துவிட்டால் என்ன?” என்று கேட்கிறேன். கடைமடைப் பிள்ளைகளுக்குப் பதில் உடனே தெரியும். கொஞ்சமாக ஓடும் தண்ணீர் வாய்க்கால் மண்ணிலேயே ஊறிப்போகும், மடையில் ஏறாது, கண்மாய்க்கு வந்து சேராது. அவர்கள் சொல்வதைச் சார்பாக எழுதலாம். ஒரு வாய்க்காலில் அ அலகு நீர் விட்டால் வயலுக்குக் கிடைக்கும் பலன் 15அ² − அ³ என்று கொள்வோம். இது வகுப்புக்காக எடுத்துக்கொண்ட சார்பு, அளந்து கண்டதல்ல. 0 முதல் 10 அலகு வரை இதன் போக்கு நாம் கேட்ட கதைக்கு ஒத்துப்போகிறது. முதலில் ஒவ்வொரு கூடுதல் அலகும் முந்தையதைவிட அதிகப் பலன் தருகிறது. 5 அலகைத் தாண்டியதும் கூடுதல் பலன் குறையத் தொடங்குகிறது. குறைந்து செல் விளைவு விதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே மாதிரியான இரண்டு வாய்க்கால்கள். நல்ல ஆண்டில் மொத்தம் 16 அலகு நீர். சம இறுதிநிலை விதிப்படி இரண்டுக்கும் எட்டு எட்டு. பலன் 448 + 448 = 896. ஒன்பதும் ஏழும் விட்டால் 878, பத்தும் ஆறும் விட்டால் 824. பாதிப் பாதிதான் சிறந்தது. வறண்ட ஆண்டில் மொத்தம் 6 அலகு. அதே வாய்க்கால், அதே சார்பு, அதே விதி. மூன்று மூன்று விட்டால் இறுதிநிலைப் பலன்கள் மிகச் சரியாகச் சமம். மொத்தப் பலன் 216. நான்கும் இரண்டும் விட்டால் 228, ஐந்தும் ஒன்றும் விட்டால் 264, ஆறையும் ஒன்றுக்கே விட்டால் 324. முன்பு சிறந்ததாக இருந்த பங்கீடு இப்போது மிக மோசமானது. முதல் நிபந்தனையை எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்த மாற்றம் தெரியாது. இரண்டு ஆண்டிலும் அது நிறைவேறுகிறது. இரண்டாம் வகைக்கெழு 30 − 6அ. எட்டில் அது −18, மூன்றில் 12. கரையிட்ட அணிக்கோவை நல்ல ஆண்டில் 36, வறண்ட ஆண்டில் −24.

முழுவதையும் ஒரு வாய்க்காலுக்கே விடு என்று கணக்கு சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள், இருக்கவும் வேண்டியதில்லை. நம் சார்பு ஒரு தடவை திறக்கும் நீரைப் பற்றியது. அடுத்த தடவை மற்ற வாய்க்காலுக்கு முழுவதும் விட்டால் இரண்டு தடவையில் ஆளுக்கு 324. இரண்டு தடவையும் பாதிப் பாதி விட்டிருந்தால் ஆளுக்கு 216தான். முறைப்பாசனத்தைச் சிக்கனத்துக்கான ஏற்பாடு என்று மட்டும் நினைத்திருந்த மாணவர்களுக்கு இந்த எண்கள் வியப்பளிக்கின்றன. தண்ணீர் நிறைய இருக்கும் முதல் 45 நாட்களுக்கு எல்லோருக்கும் சேர்த்து விடுவதும், குறைந்தபின் முறை வைப்பதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். லெக்ராஞ்சியைப் படிக்காத நீர்க்கட்டிகள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். பயிர் எத்தனை நாள் தண்ணீரில்லாமல் தாங்கும் என்பது இந்தக் கணக்கில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி மாணவர்களே கேட்டால் வகுப்பு நன்றாகப் போகிறது என்று பொருள்.

வீட்டுப்பாடமாக மொத்த நீர் 10 அலகு என்ற கணக்கைக் கொடுக்கிறேன். ஐந்து ஐந்து விட்டால் 250 + 250 = 500. ஆறும் நான்கும் விட்டால் 324 + 176 = 500. ஏழும் மூன்றும் விட்டால் 392 + 108 = 500. பத்தையும் ஒன்றுக்கே விட்டாலும் 500. இரண்டாம் வகைக்கெழு 0, அணிக்கோவையும் 0. இப்படி 0 வரும்போது பெருமம் என்றும் எழுதக்கூடாது, சிறுமம் என்றும் எழுதக்கூடாது. சோதனை எதுவும் சொல்லவில்லை என்றே எழுத வேண்டும். எல்லாச் சார்புக்கும் இப்படிச் சமதளமாக வராது. இந்த மூன்றாம் படிச் சார்பு ஐந்துக்கு இருபுறமும் சமச்சீராக இருப்பதால் வந்தது. 0 வந்தால் பக்கத்துப் புள்ளிகளைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. சென்ற ஆண்டு இந்த வீட்டுப்பாடத்தைத் திருத்தும்போது வெள்ளலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: “எப்படிப் பிரிச்சாலும் ஐநூறுதானா சார்? அப்ப ரெண்டு ஊருக்கும் பாதிப் பாதி விட்ற வேண்டியதுதான?”